கடைக்கால் போடும் முன் வயலைப் பாருங்கள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் பொறுமையாக, புள்ளிவிவரத்தோடு பேசி அமர்ந்திருக்கும் நகரமைப்புத் துறை அதிகாரி அவர்களே, என்னை வற்புறுத்தி அழைத்து வந்த மாணவர் மன்றத்துத் தம்பி தங்கைகளே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன அன்பான வார்த்தைகளுக்கு நன்றி. பொன்னாடை போர்த்திய முதல்வர் அவர்களுக்குத் தனி நன்றி.

மூன்று விஷயம் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். பழைய வயல் மண்ணுக்கடியில் எப்படிக் கண்ணில் படுகிறது, கட்டடம் கட்டுகிறவர் அதற்கு என்ன செய்ய வேண்டும், தோண்டி எடுத்ததை எங்கே வைத்துக் காப்பது. அதற்கு முன்னால், நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்காத பழமொழி: அகல உழுவதைவிட ஆழ உழு.

கோவில் புதைந்திருந்தால் கல் தட்டுப்படும், கல்லறை என்றால் பானை தட்டுப்படும். வயலில் என்ன தட்டுப்படும்? நிற வித்தியாசம்தான். மேல்மண்ணை வழித்துவிட்டுப் பார்த்தால் பழைய வரப்பு ஒரு நிறம், ஏர் கீறிய சால் ஒரு நிறம், வாய்க்காலில் படிந்த வண்டல் இன்னொரு நிறம். காய்ந்துபோனால் அதுவும் மங்கிவிடும். அப்புறம் அந்த மண்ணை எடுத்து, அரிசி களைகிற மாதிரி தண்ணீரில் கலக்கினால் கருகிய விதைகள் மேலே மிதந்து வரும், சல்லடையில் பிடித்துக்கொள்ளலாம். நெல்லின் இலை மக்கினாலும் அதற்குள் இருந்த மணல்சத்துத் துகள், சிலிக்கா, மக்காது. நுண்ணோக்கியில் வைத்தால் அது நெல்தானா என்று சொல்லிவிடலாம். இவ்வளவும் மண்ணில் இருக்க, பொன்னும் சிலையும் கிடைக்கவில்லை என்பதற்காக 'காலி நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ராஜஸ்தானில் காளிபங்கன் என்ற சிந்துவெளி நாகரிக ஊர். 1960-களில் நடந்த அகழாய்வில் ஊர்மதிலுக்கு வெளியே, தென்கிழக்கில், உழுத வயல் ஒன்று அப்படியே கிடந்தது. கி.மு. 2800 வாக்கில் உழுதது. ஒரு திசையில் சால்கள் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளி, அதைக் குறுக்கே வெட்டும் சால்கள் 1.9 மீட்டர் இடைவெளி. அந்த வட்டாரத்து விவசாயிகள் அகழாய்வு நடந்த நாளிலும் அதே மாதிரிதான் உழுது, நெருக்கமான சாலில் கொள்ளும் அகலமான சாலில் கடுகும் போட்டார்கள் என்பதை அகழ்ந்தவர்களே கவனித்து எழுதினார்கள். (இந்த இடத்தில் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் உழுதவருக்குச் சேரட்டும்.)

சரி, கட்டுமானத்துக்கு வருகிறேன். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1943. உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துப் பக்கம் டோரோ என்ற இடத்தில், போர் விமானத்துக்கு உந்துவிசிறி செய்யும் தொழிற்சாலை கட்ட மண்ணைத் தோண்டுகிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து மரச்சாமான் வருகிறது, மரக்கட்டை வருகிறது. போர் நேரத்தில் ஆலை வேலையை யார் நிறுத்துவது? கொஞ்சம் பார்த்தார்கள், அதோடு சரி. போர் முடிந்தது, நாடு தோற்றது, சோற்றுக்குப் பஞ்சம். அந்தப் பஞ்ச காலத்தில், 1947-ல், அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள் ஐயா! தொல்லியல்காரர் மட்டுமா? தாவரம் படித்தவர், நிலவியல் படித்தவர், கட்டடக்கலை படித்தவர், மாணவர்கள், எல்லோரும் சேறு மிதித்தார்கள். 1950 வரை தோண்டினார்கள். கிடைத்தது என்ன? ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைய நெல்வயல். வரப்பு சரியாமல் இருக்க வரிசையாகப் பலகை அடித்திருந்தார்கள். மர மண்வெட்டி, உயரமான கால் வைத்த தானியக் கிடங்கு. சேற்றில் கால் புதையாமலிருக்கப் போட்டுக்கொண்ட மரப்பாதுகையும் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு மனிதர் காலில் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிய பலகை, ஈரம் காயாத மண் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. போரில் தோற்று நின்ற ஜனங்கள் தங்கள் நாட்டின் பெருமை என்று பார்க்கத் திரண்டது அரண்மனையை அல்ல, வயலை. அந்த அகழாய்வுக் கூட்டுறவிலிருந்துதான் 1948-ல் ஜப்பானியத் தொல்லியலாளர் சங்கம் பிறந்தது.

அகல உழுவதைவிட ஆழ உழு என்றேன். வயலைத் தேடும்போது மட்டும் இரண்டும் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி குழி போட்டால் ஒரு கறுப்புக் கோடு தெரியும், அவ்வளவுதான். அது சாலா, வாய்க்காலா, எலி வளையா என்று யாருக்கும் தெரியாது. நிலத்தை அகலமாகத் திறந்தால்தான் வயல் வயலாகத் தெரியும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் கட்டுவதற்கு முன் அப்படித்தான் பெரும்பரப்பைத் திறந்தார்கள், வெண்கலக் கால வயல் எல்லைகள் தெரிந்தன. தென்கொரியாவில் 'நாம்' என்ற பெயருள்ள ஆற்றின் அணை நீர் ஏறுவதற்கு முன், 1990-களில், தேப்யோங் என்ற இடத்தில் வரப்பும் சாலுமாகப் பெரிய புன்செய் நிலங்களை அகழ்ந்து பதிவு செய்தார்கள். விமான நிலையமும் வந்தது, அணையும் நின்றது. வளர்ச்சி கெட்டுவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1990-ல் வந்த திட்டமிடல் வழிகாட்டி, அனுமதி கேட்கும்போதே தொல்லியலைப் பார் என்றது. ஜப்பானிலும் பெரும்பாலும் கட்டுகிறவர்தான் செலவை ஏற்கிறார். நம் கோரிக்கையும் அதுதான். வரைபடம் இறுதியாகும் முன்னே சோதனைக் குழி போடுங்கள். மண் அள்ளும் இயந்திரம் வந்து நின்ற பிறகு தொல்லியலாளரைக் கூப்பிட்டால், அவருக்கு அவசரமும் உங்களுக்கு நஷ்டமும்தான் மிச்சம். வயலையும் தொல்லிடம் என்று விதியில் எழுதுங்கள். எடுத்த மண்ணில் ஒரு பங்கை மூட்டை கட்டி வையுங்கள், இன்றைக்கில்லாத சோதனை நாளைக்கு வரும். குழி திறந்திருக்கும் நாட்களில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள். இதையெல்லாம் நகரமைப்பு அதிகாரி அவர்கள் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், மிக்க மகிழ்ச்சி.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் சொன்ன கோரிக்கைகள் அடங்கிய மனு வாசல் மேஜையில் இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு வரைபடம் போடப்போவது நீங்கள்தான்.