செட்டியைக் கெடுத்த வெள்ளி தோட்டத்துக்கு வந்த கதை

வணக்கம் நேயர்களே.

கடலோடிகள் நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லிவைத்த கதைகளை இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்காரன். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து வந்தவனுக்குக் கடல் கதையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் எங்கே நின்று பார்த்தாலும் குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர் உயரம். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த கப்பல்களுக்கு நெடுந்தொலைவிலேயே கண்ணில் பட்ட அடையாளம் அந்த மலைதான். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கும் பழைய கோயில்களின் அடித்தளங்களும் இருக்கின்றன. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் இந்தக் கெடா மண்தான். திசைகாட்டி கைக்கு வராத அந்தக் காலத்தில் வந்தவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

நம் பாட்டன் பூட்டன்மாரும் அதே வழியாக வந்தவர்கள்தான். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் இறங்கியவர்கள் எத்தனை பேர்! அந்தப் பயணத்தில் தலைக்கு மேல் வானமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். நாகையில் துருவ நட்சத்திரம் வடக்கே தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 11 பாகையில் நிற்கும். பினாங்குக்கு வந்தால் அது ஐந்தரைக்கு இறங்கிவிடும். நாலு தென்னை மரம் போதும், அதை மறைத்துவிட. வடக்கே ஒன்று தாழ்ந்தால் தெற்கே ஒன்று உயர வேண்டும் இல்லையா? அப்படி உயர்கிறவர் நம் அகத்தியர்.

சிவன் கல்யாணத்துக்குக் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்துபோனது, பூமியைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அவர் பெயரால் அழைக்கப்படும் நட்சத்திரம், ஆங்கிலத்தில் கனோபஸ் என்பார்கள், இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். டில்லியில் இருப்பவருக்கு அது தெற்கே தரையை ஒட்டி, ஒன்பது பாகைகூட எட்டாமல் நிற்கும். நாகையில் 26 பாகை, எங்கள் ஊரில் 32 பாகை. தெற்கே போகப்போக முனிவர் எழுந்து நிற்கிறார். தெற்கு நோக்கி நடந்தும் கப்பலோட்டியும் போன யாரோ கண்ணால் கண்டதைத்தான் கதையாகச் சொன்னார்கள் என்று நான் நம்புகிறேன். அகத்தியர் கடலையே குடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. கடலுக்கடியில் ஒளிந்துகொண்ட காலகேயர் என்ற அசுரர்களைத் தேவர்கள் பிடிப்பதற்காக, ஒரே மடக்கில் குடித்தாராம். கடலைக் கண்டு பயப்படுகிறவனுக்கு இதைவிடத் துணை வேறென்ன வேண்டும்? ஜாவாவில் பிரம்பனான் சிவன் கோயிலிலும் அகத்தியருக்குத் தெற்கு அறையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணி போல வெளியே வந்து தெற்கே பாருங்கள். உச்சிக்குச் சற்றுத் தெற்கே சிரியஸ் மின்னும். அதற்கு நேர் கீழே, பாதி வழியில் அவர் இருப்பார்.

அதே தெற்கு வானத்தில், வைகாசி முன்னிரவில், நாலு நட்சத்திரங்கள் தாழ்வாகத் தெரியும். நமக்கு அது சொர்க்கத்துக்கும் பூமிக்கும் நடுவே தலைகீழாகத் தொங்கும் திரிசங்கு. போர்த்துக்கீசிய மாலுமிகளுக்குச் சிலுவை. மலாய் மீனவர்களுக்கு அது ஒரு திருக்கை மீன். யார் சொன்னது சரி என்ற கேள்விக்கே இடமில்லை. இருட்டில் ஒரு திசையை மறக்காமல் வைத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கார்த்திகைக் கூட்டத்தை நாம் ஆறு என்கிறோம், முருகனை வளர்த்த ஆறு தாய்மார் என்று. மலாய்க்காரர்களும் கிரேக்கர்களும் ஏழு என்பார்கள். கண்ணுக்கு ஆறுதானே தெரிகிறது என்று கேட்டால், ஒருத்தி மனிதனை மணந்த வெட்கத்தில் முகத்தை மறைத்துக்கொண்டாள் என்று கிரேக்கர்கள் அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு ஒரு வெள்ளியைப் பற்றி. தமிழ்நாட்டுக் கடற்கரையில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். விடிவெள்ளிக்கு முன்னால், நடு இரவு தாண்டியதும் பளிச்சென்று ஒன்று கிழக்கே எழும். அதற்குச் செட்டியைக் கெடுத்த வெள்ளி என்று பெயர். வியாபாரத்துக்குப் போன செட்டி ஒருவர் சத்திரத்தில் படுத்திருந்தார். கண் விழித்துப் பார்த்தால் வெள்ளி முளைத்திருக்கிறது. விடிந்துவிட்டது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். விடியவில்லை. வழியில் கள்ளர்கள் காத்திருந்தார்கள். பொருளும் போய், சில ஊர்க் கதைகளில் உயிரும் போகும். கடலுக்குப் போகிறவனுக்கு இது வெறும் கதை கிடையாது. அந்த வெள்ளியை நம்பிக் கட்டுமரத்தைத் தள்ளினால் கும்மிருட்டில் கடலில் கிடக்க வேண்டியதுதான்.

இந்தக் கதையை நான் கேட்டது கடற்கரையில் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில், இரவு பத்து மணிக்கு இன்ஜின் நின்று விளக்கு அணைந்த பிறகு, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் அப்பாயி சொல்லிக் கேட்டேன். அப்பாயியின் கதையில் செட்டி இல்லை, சத்திரம் இல்லை, கள்ளனும் இல்லை. பெயரில் மட்டும்தான் செட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கெட்டுப்போனது புதிதாகத் தோட்டத்துக்கு வந்த ஒரு பையன். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்கு, பிந்தினால் கங்காணி ஏசுவார் என்று பயந்து தூங்காமல் கிடந்தவன், வெள்ளியைப் பார்த்ததும் பால் சுமக்கும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெரட்டுக் களத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்து நேரே தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போய் மரம் வெட்ட, அதாவது பாலுக்காகப் பட்டை சீவ, ஆரம்பித்தான். குளிர்ச்சியில் பால் நன்றாக இறங்கியது. பால் பிடிக்கும் கிண்ணம், அதுதான் மங்கு, மங்கு மங்காக நிறைந்தது. அப்புறம்தான் வினை. பால் எடுக்கும் நேரம் வருவதற்குள் மங்கில் இருந்ததெல்லாம் கட்டிப்போய்விட்டது. அன்றைய சம்பளம் பாதிக்குப் பாதி. ‘வெள்ளிய நம்புனவன் பால கெடுத்தான்’ என்று முடிப்பார் அப்பாயி.

கள்ளன் பிடுங்கிய மூட்டை, எங்கள் லயத்தில் கட்டிப்போன பாலாகிவிட்டது. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். கடலைவிட்டு வந்த சனங்களுக்குக் கட்டுமரமும் இல்லை, சத்திரமும் இல்லை. ஆனால் விடிவதற்கு முன் எழ வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயத்தைப் பிடித்துக்கொண்டு கதை கரையேறிவிட்டது. கதையைப் பழைய வடிவம் மாறாமல் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதிப் பதிவு செய்கிற வேலையை நான் மதிக்கிறேன். அதே நேரம், அப்பாயி செட்டியை மாற்றாமலே சொல்லியிருந்தால், சத்திரத்தைப் பார்த்தே இராத நான் அதை அடுத்த நாளே மறந்திருப்பேன்.

பசிபிக் கடலிலிருந்து ஒரு செய்தி. ஹவாய்த் தீவுக்காரர்கள் கருவி இல்லாமல் கடலோடும் வித்தையை ஒரு காலத்தில் தொலைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. 1976இல் ஹோகுலேயா என்ற இரட்டைப் படகு ஹவாயிலிருந்து தஹிதி வரை, சுமார் 4,000 கிலோமீட்டர், நட்சத்திரத்தையும் அலையையும் மட்டும் பார்த்துப் போனது. வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மௌ பியாய்லுக். சின்ன வயதில் கற்களை வட்டமாக அடுக்கி, எந்த நட்சத்திரம் எங்கே எழும் எங்கே விழும் என்று பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்துக் கற்றவர். தன் தீவில் இளையவர்களுக்கு நாட்டம் குறைவதைப் பார்த்து, ஹவாய்க்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற நைனோவா தாம்சன் 1980இல் தானே வழிகாட்டி தஹிதிக்குப் போய்த் திரும்பினார். அந்தப் படகின் பெயர் ஒரு நட்சத்திரத்தின் பெயர். அது நம் சுவாதி. சுவாதி மழைத்துளி சிப்பியில் விழுந்தால் முத்தாகும் என்று நாம் சொல்கிறோமே, அதே சுவாதிதான் அவர்களுக்கு ஹவாயின் உச்சியில் நின்று வீட்டைக் காட்டுகிறது.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. லயங்கள் இடிந்து, ஆட்கள் சுங்கைப் பட்டாணி நகரத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, போய்விட்டார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அங்கே பத்து நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். வானம் மங்கியதைவிட எனக்கு வருத்தம், வாசலில் உட்கார்ந்து பேசுகிற நேரம் போனதுதான். ஆனாலும் என் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நிரை என்றால் என்ன தாத்தா, மங்கு என்றால் என்ன தாத்தா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாள் கழித்து, தன் தம்பிக்கு அவள் சொல்வது காதில் விழுந்தது. அதில் ஓர் அண்ணன் வெள்ளியைப் பார்த்துவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே ஓடுகிறான், பஸ் வரவில்லை, தெருநாய் துரத்துகிறது. அவள் அப்பா தினம் விடியற்காலை பஸ் பிடிக்கிறவர். வெள்ளி மட்டும் கிழக்கே சரியான இடத்தில்தான் முளைத்தது. தம்பி, ‘அப்புறம் அந்த அண்ணனுக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டான்.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாகான் டத்தோவோ குவால சிலாங்கூரோ, கடலுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அந்த வெள்ளி யாரைக் கெடுத்தது, அவருக்கு என்ன நஷ்டம், யார் உங்களுக்குச் சொன்னார்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்கள்? அரைகுறையாக நினைவிருந்தாலும் பரவாயில்லை. இந்த நிலையத்துக்கு எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். வணக்கம்.