200 ஓர்க்குகளைக் கொல்வதா, 2,000 தங்கக் காசுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

[திரையில்: ஓர்க் ஒன்றின் படம். அருகில் “10” என்ற எண்.]

நேயர்களே, வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, அசுரர்களும் புதையலும் நிறைந்த நிலவறைகளுக்குள் புகுந்து வரும் மேசை விளையாட்டு. 1981ஆம் ஆண்டின் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிநூலின்படி, ஒரு வீரன் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஓர்க் என்ற அசுரன் ஒன்றை வீழ்த்தினால் கிடைப்பவை 10 புள்ளிகள். அப்படியானால் அவன் 200 ஓர்க்குகளைக் கொல்ல வேண்டும். அவனுடைய உயிர்ப்புள்ளிகளோ எட்டு முகப் பகடையை ஒருமுறை உருட்டி வருபவை. ஓர்க்கின் ஒரே வெட்டில் அவற்றில் ஆறு வரை போய்விடலாம். இந்த விதியை எழுதியவர்களுக்குக் கணக்குத் தெரியாதா, அல்லது நாம்தான் அதைத் தவறாகப் படிக்கிறோமா? விடை இந்தக் காணொளியின் நடுப்பகுதியில் வருகிறது. அதற்குள் சந்தா பொத்தானை அழுத்திவிடுங்கள்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இவ்விளையாட்டை 1974இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்டது. 1977 முதல் அட்வான்ஸ்டு என்ற விரிவான வரிசையும் அதற்கு இணையாகப் பேசிக் என்ற எளிய வரிசையும் வளர்ந்தன. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டிஎஸ்ஆரை வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பும், 2008இல் நான்காம் பதிப்பும், 2014இல் ஐந்தாம் பதிப்பும், 2024இல் அதன் திருத்தமும் வந்தன. 1981ஆம் ஆண்டின் பேசிக் நூல் 64 பக்கம். 2024ஆம் ஆண்டின் விளையாடுவோர் கையேடு மட்டும் 384 பக்கம். விதிகளைப் பிறரும் எடுத்தாளலாம் என்று 2000இல் வெளியான திறந்த உரிமத்தைப் பயன்படுத்திப் பழைய விதிகளுக்கு மறுபிறவி கொடுத்தவர்களும் உண்டு. 2006இல் ஆஸ்ரிக், 2019இல் ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் ஆகியவை அவ்வாறு வந்தவை. வரலாறு முடிந்தது.

[திரையில்: 16 − 4 = 12]

பழையதா, புதியதா என்றதும் முதலில் கிளம்பும் சண்டை தாக்கோ பற்றியது, அதாவது கவச எண் 0 உள்ள எதிரியைத் தாக்கப் பகடையில் உருட்ட வேண்டிய எண். இரண்டாம் பதிப்பில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். ஐந்தாம் நிலை வீரனின் தாக்கோ 16. எதிரியின் கவச எண் 4 என்றால், 16இலிருந்து 4ஐக் கழித்து, இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். கவச எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் மூன்றாம் பதிப்பின் முறையில் அதே எதிரியின் கவச எண்ணை 16 என்றும், அதே வீரன் பகடை எண்ணோடு சேர்க்கும் தாக்குதல் கூட்டலை 4 என்றும் எழுதினால், அப்போதும் பகடையில் 12தான் தேவை. இரண்டிலும் வெற்றிக்கான வாய்ப்பு 45 சதவீதமே. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை. பழைய விதிகளை மீட்டெடுத்த ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸே ஏறுமுகக் கவச எண்ணையும் அருகில் அச்சிட்டுத் தருகிறது. 1978ஆம் ஆண்டின் அட்வான்ஸ்டு கையேட்டில் பெண் கதாபாத்திரங்களின் வலிமைக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைத்திருந்தார்கள் என்பதையும், இரண்டாம் பதிப்பு அதை நீக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழையது எல்லாம் பொன் என்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

இப்போது அந்த 200 ஓர்க்குகளுக்கு வருவோம். இந்தக் காணொளியையே நான் இந்தப் பகுதிக்காகத்தான் எடுக்கிறேன், ஆகையால் இங்கே சற்று நேரம் செலவிடுவேன்.

பேசிக் விதிநூலில் அசுரர்களைக் கொல்வது சில்லறை வருமானம். நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்த புதையலில் ஒரு தங்கக் காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி என்பதுதான் உண்மையான வருமானம். ஓர்க்கோடு மோதி 10 புள்ளி பெறுவதை விட, அது தூங்கும்போது அதன் பெட்டியைத் தூக்கி வந்து 300 புள்ளி பெறுவதே புத்திசாலித்தனம். சந்திக்கும் அசுரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டும் அட்டவணையும் அந்நூலில் உண்டு; உடனடித் தாக்குதல் என்பது கூட்டுத்தொகை 2 வந்தால் மட்டுமே, அதாவது 36இல் ஒரு வாய்ப்பு. எனவே பேரம் பேசலாம், கையூட்டுக் கொடுக்கலாம், ஒரு கும்பலை இன்னொரு கும்பலின் மேல் ஏவிவிடலாம்.

ஆனால் தங்கத்துக்கு எடை உண்டு. அந்நூலில் சுமையின் அலகே நாணயம்தான். ஒருவர் சுமக்கக்கூடிய உச்சம் 1,600 நாணய எடை, அதில் தகட்டுக் கவசம் மட்டுமே 500. ஆகவே இரண்டாம் நிலைக்குத் தேவையான 2,000 காசுகளை ஒரு வீரன் ஒரே நடையில் தூக்கவே முடியாது. சுமை விதியை அந்நூல் நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது என்பது உண்மை. அதைக் கைவிடுபவர்கள் விளையாட்டின் பாதி ருசியையும் கைவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

[திரையில்: நீண்ட சுரங்கப் பாதை, 240 அடி.]

ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து நிமிடம் கொண்ட ஒரு சுற்றில், சுமை இல்லாதவர் 120 அடி நகர்வார். 800 நாணய எடையைத் தாண்டியவர் 30 அடிதான் நகர்வார். வாயில் 240 அடி தொலைவில் இருந்தால், முன்னவர் இரண்டு சுற்றில் வெளியே வந்துவிடுவார், பின்னவருக்கு எட்டுச் சுற்றுகள் பிடிக்கும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அசுரர்களையும் நிலவறையையும் இயக்கும் நடத்துநர் ஆறு முகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் அலைந்து திரியும் அசுரக் கூட்டம் ஒன்று எதிர்ப்படும். சுமையற்றவருக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 17 சதவீதம், சுமையுள்ளவருக்கு ஏறத்தாழ 52 சதவீதம். தீவட்டி எரிவதோ ஆறு சுற்றுகள்தான் என்பதால், நடுவழியில் வெளிச்சமும் அணைந்துவிடும்!

பயம், பேராசை, கூலியாட்களை அமர்த்துவது, கோவேறு கழுதையை நிலவறைக்குள் ஓட்டிச் செல்லலாமா என்று அரை மணி நேரம் வாதிடுவது ஆகிய எல்லாம் ஒரு தங்கக் காசுக்கு ஒரு புள்ளி என்ற அந்த ஒற்றை வரியிலிருந்து பிறக்கின்றன. எழுதியவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் நிலைக்கு 300 புள்ளிகள் போதும், கோப்ளின் என்ற சிறிய அசுரன் ஒன்றுக்கு 50 புள்ளிகள், தங்கத்துக்கு ஒன்றுமில்லை. ஆறு கோப்ளின்களை வென்றால் ஒருவர் உயர்ந்துவிடுவார். சண்டையைத் தவிர்த்தவர்களுக்கும் நடத்துநர் புள்ளி தரலாம், கதையின் மைல்கற்களை வைத்தும் நிலையை உயர்த்தலாம். இருந்தாலும் வாளை உருவுவதே லாபம் என்பதை விளையாடுவோர் விரைவிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அதற்கேற்ற பாதுகாப்பையும் அப்பதிப்பு தருகிறது: உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் உடனே இறப்பதில்லை, மூன்று உருட்டல்களில் தோற்றால்தான் மரணம், ஓர் இரவு முழுதாக ஓய்வெடுத்தால் உயிர்ப்புள்ளிகள் அனைத்தும் திரும்பிவிடும். 1981இலோ பூஜ்யம் என்றால் மரணம்தான், முழுநாள் ஓய்வுக்குத் திரும்புபவை 1 முதல் 3 புள்ளிகள். தன் கதாபாத்திரத்துக்குக் குடும்பம், பகை, காதல் என்று நான்கு பக்க வரலாறு எழுதி வருபவருக்குப் புதிய பதிப்பே நியாயமானது. அந்த நான்கு பக்கமும் முதல் கதவின் நச்சூசியில் முடிந்துபோவதை யாரும் ரசிக்க மாட்டார்கள். போகிற போக்கில் ஒன்று: 2024ஆம் ஆண்டின் கையேட்டில் ஓர்க் நாம் ஏற்று விளையாடக்கூடிய இனமாகிவிட்டது. வெட்டுவதற்கு முன் மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க விதியை மட்டும் பிய்த்து ஐந்தாம் பதிப்பில் ஒட்டலாமா என்று சிலர் கேட்பீர்கள். ஒட்டலாம், ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. பேசிக்கில் தகட்டுக் கவசம் 60 தங்கம், ஐந்தாம் பதிப்பில் 1,500 தங்கம். மூன்றாம் நிலைக்கு ஆளுக்கு 900 புள்ளி என்றால், நால்வர் குழு 3,600 தங்கம் சேர்த்திருக்கும், அதாவது இரண்டு தகட்டுக் கவசங்கள் வாங்கியும் மிச்சம் இருக்கும். பிறகு எந்தக் கோப்ளினின் அம்பும் அவர்கள் மேல் எளிதில் படாது. இதற்கு ஆர்னெசன் தம் பிளாக்மூர் விளையாட்டில் கையாண்ட வழியை நான் சிபாரிசு செய்வேன்: சேர்த்த தங்கத்துக்குப் புள்ளி இல்லை, செலவழித்த தங்கத்துக்கே புள்ளி. அதோடு, ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விருந்து, கோயில் திருப்பணி, சூதாட்டம், ஊராருக்குக் கடன் என்று எதில் வேண்டுமானாலும் கரைக்கட்டும்.

உங்கள் குழு தங்கத்தை மிக அபத்தமாகச் செலவழித்தது எதற்காக என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.