இரண்டு டிவி, ஒரு பெஞ்சு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

டிவியில் ஒரு பெட்டியை மாட்டி, கையில் ஜாய்ஸ்டிக்கோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிதான் கன்சோல். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்று பெரிய கம்பெனிகள் மூன்று. கொடைக்கானல் ஏழு ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சந்தில் நான் பன்னிரண்டு வருடம் கேம் சென்டர் வைத்திருந்தேன். மணிக்கு இருபது ரூபாய். அந்தப் பன்னிரண்டு வருடமும் கடையில் ஓயாத சண்டை ஒன்றுதான்: எந்தப் பெட்டி பெரியது?

பூம்பாறையிலிருந்து ஒரு பையன் வருவான். அவன் அப்பாவுக்குப் பூண்டு விவசாயம். நல்ல விலை கிடைத்த ஒரு வருடம், 2012 கடைசியில், பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஃபோர்சா ஹொரைசன் என்ற கார் கேம் அப்போதுதான் வந்திருந்தது. அது எக்ஸ்பாக்ஸில் மட்டும்தான். அவனோடு படித்த மூஞ்சிக்கல் பையனிடம் இருந்தது பிளேஸ்டேஷன். அதில் கிரான் டூரிஸ்மோ. அதுவும் கார் கேம்தான், அது பிளேஸ்டேஷனில் மட்டும்தான்.

இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்துவிடுவார்கள். என்னிடம் இரண்டு பெட்டியும் உண்டு, பக்கத்துப் பக்கத்து டிவியில். நடுவில் ஒரே பெஞ்சு. தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஒருவன் அந்த டிவியில் ஓட்டுவான், இன்னொருவன் இந்த டிவியில் ஓட்டுவான். டிசம்பர், ஜனவரியில் விரல் விறைத்துவிடும். ரேஸ் முடிந்ததும் எழுந்து, பெட்டிக்குப் பின்னால் வரும் சூடான காற்றில் இரண்டு பேரும் கையை நீட்டிக் காய்வார்கள். காய்ந்துகொண்டே சண்டை. "எங்க வண்டி வளைவுல எப்படித் திரும்புது பார்த்தியா?" "அது வண்டியா, பொம்மை!" பூம்பாறை பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நடக்கும். எனக்கு ஒரே ஒரு வருத்தம். ஒரே பெஞ்சில் இருக்கும் இந்த இரண்டு பேரும் ஒரு தடவைகூட ஒருவனுக்கு எதிராக ஒருவன் தன் தன் வண்டியை ஓட்ட முடியாது. கேமும் வேறு, பெட்டியும் வேறு.

சரி, ஒரு கேமை ஒரே பெட்டிக்குள் ஏன் பூட்டி வைத்தார்கள்? பெட்டியை விற்று இந்தக் கம்பெனிகள் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. சில சமயம் நஷ்டத்துக்குக்கூடக் கொடுப்பார்கள். காசு கேமில்தான். நம்மைப் பெட்டி வாங்க வைக்க, வேறெங்கும் கிடைக்காத ஒரு கேம் வேண்டும். ஆனால் இன்று பெரிய கேம் ஒன்றை எடுக்க நூற்றுக்கணக்கான பேர் நாலைந்து வருடம் உழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு பெட்டிக்காரர்கள் மட்டும் வாங்கினால் போட்ட காசு திரும்புவது கஷ்டம். அதனால் கதவைத் திறக்கிறார்கள்.

2024-இல் மைக்ரோசாஃப்ட் முதலில் நான்கு கேம்களைப் போட்டிப் பெட்டிகளுக்குக் கொடுத்தது. 2025 ஆகஸ்ட் 26 அன்று ஓர் அதிசயம் நடந்தது. எக்ஸ்பாக்ஸின் அடையாளமாக இருந்த கியர்ஸ் ஆஃப் வார் பிளேஸ்டேஷனுக்குப் போனது. சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 அதே நாளில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறுகிற பஸ்ஸும் இறங்குகிற பஸ்ஸும் டம் டம் பாறைப் பக்கம் ஒன்றையொன்று கடக்குமே, அது மாதிரி. எக்ஸ்பாக்ஸ் என்றாலே நினைவுக்கு வருகிற ஹேலோவும் பிளேஸ்டேஷனுக்கு வருகிறது என்று அந்த அக்டோபரில் அறிவித்தார்கள். நிண்டெண்டோ மட்டும் தன் பெயர்போன கதாநாயகன் மாரியோவின் கேம்களை இன்றைக்கும் போட்டிப் பெட்டிக்குத் தருவதில்லை.

நம் பூம்பாறைப் பையனுக்கு வருகிறேன். இப்போது அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. 2025 ஏப்ரலில் ஃபோர்சா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷனில் வந்த அன்று ராத்திரி போன் பண்ணினான். "அண்ணே, அப்ப நான் எதுக்குண்ணே அந்தப் பெட்டியை வாங்கினேன்? எங்கப்பா பூண்டு வித்த காசுண்ணே." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ரசிகர்கள் கோபப்படும்போது, "விளையாட்டுதானே, இதற்கா இவ்வளவு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அப்படிக் கேட்காதீர்கள். ஒரு பெட்டி ஐம்பதாயிரத்தைத் தொடுகிறது. ஒரு வீட்டில் ஒன்றுதான் வாங்க முடியும். யோசித்து யோசித்து ஒன்றை எடுத்தவனுக்கு அந்தப் பெட்டி மேல் பாசம் வரத்தான் செய்யும்.

அப்புறம் ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். மூஞ்சிக்கல் பையன் சென்னையில் தன் பிளேஸ்டேஷனில் அதே கேமை வாங்கிவிட்டானாம். அந்தக் கேமில் எந்தப் பெட்டிக்காரரும் எந்தப் பெட்டிக்காரரோடும் ஓட்டலாம். ராத்திரி இரண்டு மணி வரை ஓட்டினார்களாம். "அண்ணே, அவன் வளைவுல இன்னமும் பிரேக்கைப் பிடிக்கிறாண்ணே!" என்றான். பன்னிரண்டு வருடம் கழித்து அந்த பெஞ்சு சேர்ந்துவிட்டது, நேயர்களே. அவன் காசு வீணாகவில்லை. அவன் வண்டி அவனிடமே இருக்கிறது, கூட ஓட்ட ஆள் வந்திருக்கிறான்.

இதை அழுத்திச் சொல்கிறேன். கேமைக் கொடுத்தால் மட்டும் போதாது, சேர்ந்து விளையாட விடவேண்டும். ஃபோர்ட்நைட் என்ற கேம் எல்லாப் பெட்டியிலும் இருந்தது, ஆனால் மற்றப் பெட்டிக்காரரோடு ஆட சோனி 2018 செப்டம்பர் வரை விடவில்லை. ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள், திறந்தார்கள். கேட்டால் நடக்கிறது. அதே மாதிரி, நாம் சேர்த்து வைத்த சேவ், அதாவது எதுவரை ஆடினோம் என்ற பதிவு, எந்தப் பெட்டிக்குப் போனாலும் கூடவே வரவேண்டும். எல்லாக் கேமிலும் இது இன்னும் இல்லை. சேர்ந்து விளையாட விடுவது, சேவ் கூடவே வருவது, இந்த இரண்டையும் விடாமல் கேளுங்கள்.

கதவைத் திறந்தால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு செகா கம்பெனியைச் சொல்கிறேன். பெட்டி தயாரிப்பதை நிறுத்துவதாக அவர்கள் 2001 ஜனவரியில் அறிவித்தார்கள். மாரியோவின் பரம எதிரியான அவர்களுடைய கேம் கதாநாயகன் சோனிக் அதே வருடக் கடைசியில் நிண்டெண்டோ பெட்டியில் ஓடியது. 2007-இல் இரண்டு பேரும் ஒரே ஒலிம்பிக் கேமில் சேர்ந்து வந்தார்கள். சோனிக் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. சிடி பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். பெரிய கேம் நூறு ஜிபியைத் தாண்டுகிறது. மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் அதை டவுன்லோட் செய்வது எத்தனை நாள் வேலை என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எந்தக் கேம் எந்தப் பெட்டிக்கு வந்தாலும் சிடியாகவும் வரவேண்டும். உங்களிடம் பழைய சிடி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மழை மாதத்தில் அட்டைப் பெட்டியில் வைத்தால் ஈரம் ஏறும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக. சுற்றிச் சுற்றித் துடைக்கவேண்டாம். நன்றி, வணக்கம்.