இறந்துபோன கேரக்டரின் பொருட்கள் யாருக்குச் சேரும்?

அடுத்த கேள்வி. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். இந்த நண்பர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் 5-ஆம் பதிப்பில் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, ஒரு ஆட்டம் நடத்துகிறார். பார்ட்டி, அதாவது ஒன்றாகச் சாகசம் செய்யும் கேரக்டர்களின் குழு, இப்போது 7-ஆவது லெவல். போன செஷனில் அவர்களுடைய ஃபைட்டர் (போர்வீரர் கேரக்டர்) இறந்துபோனார். சண்டை முடிந்த உடனே மற்றவர்கள் அவருடைய பிளேட் கவசத்தையும் மந்திர வாளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஃபைட்டரை ஆடியவர் அடுத்த வாரம் புதுக் கேரக்டரோடு வருகிறார், அந்தக் கேரக்டருக்கும் பொருட்கள் கொடுக்க வேண்டும். “ஒவ்வொரு சாவுக்கும் பார்ட்டியின் சொத்து கூடிக்கொண்டே போகிறதே, இறந்தவரின் பொருட்களை எப்படிக் காணாமல் போகச் செய்வது?” என்று கேட்கிறார்.

கணக்குக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது “சண்டை முடிந்த உடனே” என்ற இடம்தான்.

என் டேபிளில் இதே மாதிரி நடந்தது. ஒரு நண்பர் இரண்டு வருடமாக ஒரு குள்ளர் இனத்துக் கிளெரிக்கை (தெய்வ சக்தியால் மந்திரம் செய்யும் பூசாரி) ஆடிவந்தார். ஒரு பாலத்தின் மேல் நடந்த சண்டையில் சாகாமல் தப்பிக்க உருட்டும் பகடையான டெத் சேவ், மூன்றாவது முறையும் தோற்றுப்போனது. அவர் பகடையைக் கையில் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அந்தக் கேரக்டர் ஷீட்டை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி, பென்சிலால் ஒவ்வொரு பொருளாக டிக் அடிக்க ஆரம்பித்தார். பட்டியலின் கடைசியில் “அம்மா கொடுத்த மரச் சீப்பு” என்று ஒரு வரி இருந்தது. “இதுக்கு விலை கிடையாது, விடு” என்று அதைத் தாண்டிப் போய்விட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர், ஆட்டத்தின் வேகத்தில் செய்துவிட்டார். ஆனால் கிளெரிக்கை ஆடியவர் அடுத்த இரண்டு செஷனுக்கு வரவில்லை. டிஎம்மாக நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அதிலிருந்து என் டேபிளில் ஒரே ஒரு வழக்கம். கேரக்டர் இறந்தால், அதன் பொருட்களைப் பற்றி முதலில் பேசுகிற உரிமை அதை ஆடியவருக்கு. “உங்கள் ஆள் இதெல்லாம் எங்கே போகணும்னு நினைச்சிருப்பார்?” என்று நான் கேட்பேன். அவர் பதில் சொல்கிற வரை யாரும் ஷீட்டைத் தொடக்கூடாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1974-இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே வாரிசு விதி உண்டு. உங்கள் கேரக்டருக்கு ஒரு சொந்தக்காரரை வாரிசாகக் குறித்து வைக்கலாம். கேரக்டர் ஆட்டக் கணக்கில் ஒரு மாதம் காணாமல் போனால், 10 சதவீதம் வரி கட்டிவிட்டு சொத்து அந்த வாரிசுக்குப் போகும். வாரிசு முதல் லெவலில்தான் தொடங்க வேண்டும். காணாமல் போனவர் திரும்பி வந்தால் இன்னொரு 10 சதவீதம் வரி கட்டித்தான் தன் சொத்தை மீட்க வேண்டும்! 1981-இன் பேசிக் விதிப்புத்தகத்தில் ஒரு ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை தரலாம் என்று சேர்த்தார்கள். அதாவது, சொத்து குவிகிற உங்கள் கவலை அவர்களுக்கும் இருந்திருக்கிறது. பொருளை மாயமாக்காமல், வரி, வாரிசு என்று கதைக்குள்ளேயே அதற்கு ஒரு வழி வைத்தார்கள்.

அப்புறம், பங்கு போடுவதற்கு முன் இன்னொன்று பார்க்க வேண்டும். அந்த ஃபைட்டரைத் திரும்ப எழுப்ப முடியுமா? அதற்கு இரண்டு மந்திரங்கள். ரிவிவிஃபைக்கு ஒரு நிமிடம்தான் கெடு, 300 பொன் (ஆட்டத்தின் தங்கக் காசு) மதிப்புள்ள வைரம் வேண்டும். ரெய்ஸ் டெட்டுக்குப் பத்து நாள் கெடு, 500 பொன் வைரம். உங்கள் பார்ட்டியில் கிளெரிக் இருந்தாலும் 7-ஆவது லெவலில் ரெய்ஸ் டெட் வராது, 9-ஆவது லெவல் வேண்டும். அதனால் ஒரு கோவிலைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆனால் இதைப் பாருங்கள்: பிளேட் கவசத்தின் விலை 1,500 பொன், பாதி விலைக்கு விற்றாலே 750 கிடைக்கும். அந்த வைரத்தை அவருடைய கவசத்தை விற்ற பணத்திலேயே வாங்கிவிடலாம், கோவிலுக்குக் கொடுக்கவும் கொஞ்சம் மிஞ்சும். இதைச் சொன்னதும் டேபிளில் பேச்சே மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன். இறந்தவரின் ஆன்மா சம்மதித்தால்தான் ரெய்ஸ் டெட் பலிக்கும் என்று விதியே சொல்கிறது. அந்தச் சம்மதத்தையும் அவரை ஆடியவரிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, கணக்கு. 5-ஆம் பதிப்பில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 2014 டிஎம் கையேட்டின்படி, 5 முதல் 10 வரை உள்ள லெவலில் புதிதாக வருகிற கேரக்டருக்கு வழக்கமான ஆரம்பப் பொருட்களோடு 500 பொன், கூடவே ஒரு பத்து முகப் பகடை எண்ணை 25-ஆல் பெருக்கி வருகிற பொன். அதிகபட்சம் 750. பழைய 3.5 பதிப்பில்தான் இது பெரிய தலைவலி, அங்கே 10-ஆவது லெவல் கேரக்டருக்கு 49,000 பொன் சொத்து இருக்க வேண்டும் என்று அட்டவணையே உண்டு. மந்திரப் பொருட்களுக்கும் இங்கே அணை இருக்கிறது, ஒருவர் மூன்றுக்கு மேல் அட்யூன் செய்துகொள்ள (தன்னோடு பிணைத்துக்கொள்ள) முடியாது.

பிளேட் கவசமும் அப்படித்தான். எடை 65 பவுண்ட். கனமான கவசத்தில் பயிற்சி இல்லாதவர் அதைப் போட்டுக்கொண்டு மந்திரம் சொல்ல முடியாது. ஒருவருக்கென்று செய்த பிளேட் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம் என்று ஒரு விருப்ப விதியும் 2014 ஆட்டக்காரர் கையேட்டில் இருக்கிறது. திருத்திப் போட விலையில் 10 முதல் 40 சதவீதம் செலவாகும். கனமான கவசத்தைக் கழற்றவே 5 நிமிடம் ஆகும். அந்த 5 நிமிடத்தை நான் ஒரு காட்சியாக்கிவிடுவேன். “யார் கழற்றுகிறீர்கள்? வார்களில் ரத்தம் காய்ந்திருக்கிறது, கண்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன. முதலில் என்ன செய்கிறீர்கள்?” இப்படிக் கேட்ட பிறகு கவசத்தின் மேலேயே கை வைக்காமல் போன பார்ட்டிகள் உண்டு.

அதனால் பொருளைத் திருடனை விட்டுத் திருட வைப்பது, ஆற்றில் அடித்துப்போக வைப்பது எல்லாம் வேண்டாம். அது டிஎம்மின் கை வேலை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், இழந்தவருக்கு இன்னொரு இழப்பாகவும் இருக்கும்.

உங்கள் டேபிளில் பங்கு போட்டாகிவிட்டது. பரவாயில்லை. அடுத்த செஷனை அன்று இரவு கூடாரத்தில் தொடங்குங்கள். உடல் அருகில் கிடக்கிறது, பொருட்கள் நடுவில் இருக்கின்றன. ஃபைட்டரை ஆடியவரிடம் கேளுங்கள். வாளை நண்பனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்வாரோ, ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பச் சொல்வாரோ, அந்தத் தங்கையே அவருடைய புதுக் கேரக்டராக வருவாரோ, அவர் விருப்பம். கூடவே, சின்னப் பொருட்களையும் ஷீட்டிலிருந்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த மரச் சீப்பு இப்போது எங்கள் பார்ட்டியின் ரோக் (திருடர் வகைக் கேரக்டர்) ஷீட்டில், பட்டியலின் முதல் வரியாக இருக்கிறது. கிளெரிக்கை ஆடியவர் திரும்பி வந்த நாளில் அதை அவரே தன் கையால் எழுதிக் கொடுத்தார்.