கூரைக் கோழியும் இருபதாவது மாடியும்

(எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்க ஆண்டுவிழாவில் பேசியது. மேடையில் நேரமில்லாமல் விட்டதை இரண்டு மூன்று இடத்தில் சேர்த்திருக்கிறேன். மைக் கூவிய இடங்களைக் கழித்துவிட்டேன்.)

விழாத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு, ஒரு கடைத் திறப்பு என்று மூன்று அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டும் முதலில் இங்கே வந்து அமர்ந்திருக்கும் நம் கவுன்சிலர் அம்மா அவர்களே, பொதுப்பணித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே (இந்த வட்டாரத்தில் எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, எந்த மடைக்குக் கதவு இல்லை என்பதெல்லாம் கூகுளுக்குத் தெரியாது, ஐயாவுக்குத் தெரியும்), வருஷா வருஷம் நாற்காலிக்கு வாடகை வாங்காத பந்தல்காரத் தம்பி, சுண்டலுக்காகவே காத்திருக்கும் குழந்தைகள், எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் செயலாளர் கொடுத்த சீட்டைத்தான் குறை சொல்ல வேண்டும், அவர் கையெழுத்து அப்படி.

பொன்னாடைக்கும் நன்றி. போன வருஷம் நான் செயலாளருக்குப் போர்த்தியதுதான் இப்போது என் தோளில் இருக்கிறது. ஓரத்தில் அந்தக் காபிக்கறை அப்படியே இருக்கிறது, அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஷாப்பிங் மாலோடு சேர்த்து ஐந்து நட்சத்திர ஓட்டலும், அதற்கு மேலே சொகுசு அடுக்குமாடி வீடுகளும் வரப்போவதாக மூன்று மாதமாக நம் மதுரையில் ஒரே பேச்சு. இருபது மாடி என்கிறார்கள், இருபத்திரண்டு என்கிறார்கள், டீக்கடைக்கு டீக்கடை இரண்டு மாடி ஏறுகிறது. மாலின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது, நாளைக்கே இல்லை என்று ஆனாலும் ஆகும். ஆனால் பேச்சு பேச்சாக இருக்கும்போதே நாம் வாயைத் திறக்க வேண்டும், கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றிய பிறகு வாயைத் திறந்தால் தூசிதான் போகும். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று தண்ணீர், இரண்டு போக்குவரத்து, மூன்று நம் பிள்ளைகளுக்கு வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் உயரத்துக்கு எதிரி இல்லை. தெற்குக் கோபுரத்தை 160 அடிக்கு மேல் தூக்கி நிறுத்தின ஊர் இது, நமக்கா உயரம் புதுசு? மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997-லேயே அரசாணை போட்டிருக்கிறார்கள். அது நல்ல காரியம், மாசி வீதிக்காரர்கள் சிலர் முறைக்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். இந்த இடம் அந்த வட்டத்துக்கு வெளியே. வெளியே போய்விட்டால் 2019 கட்டட விதிகள்தான் பேசும். 18.30 மீட்டர் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம், போதுமான அகலத்தில் ரோடு இருந்தால் தளப்பரப்புக் குறியீடு 3.25 வரைக்கும் போகலாம். அதாவது ஒரு சென்ட் மனைக்கு மூணேகால் சென்ட் தளம். மீதியை ஆகாயத்தில் வாங்கிக்கொள்கிறார்கள், ஆகாயத்துக்குப் பத்திரப்பதிவு கிடையாது.

ஏன் ஒரு மால்காரருக்கு ஓட்டல் ஆசை வருகிறது? ஜவுளியும் செருப்பும் போனிலேயே வாங்கிவிடுகிறோம், ஏ.சி. காற்றுக்கும் பாப்கார்னுக்கும்தான் மாலுக்குப் போகிறோம். கடை வாடகையை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது. ஓட்டல் வந்தால் கல்யாண ஹால் வரும், ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் இருக்கும், ஜெனரேட்டர், ஏ.சி. பிளான்ட், பார்க்கிங் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆனால் ஓட்டலில் போட்ட முதல் திரும்ப வர வருஷக்கணக்கு ஆகும். அதனால்தான் கூடவே வீடு. வீட்டை மட்டும் அஸ்திவாரம் தோண்டும்போதே விற்கலாம், நம் முன்பணத்தில் அவர் ஓட்டல் எழும்பும். மும்பையில் ஃபீனிக்ஸ் மில் என்ற பஞ்சாலை இருந்த இடத்தில் மால் வந்தது, மாலுக்குப் பக்கத்தில் நட்சத்திர ஓட்டல் கோபுரம் வந்தது. சென்னையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலோடும் ஓட்டல் இருக்கிறது. வியாபாரக் கணக்கில் தப்பே இல்லை. நம் அண்ணாச்சி செய்தாலும் இப்படித்தான் செய்வார்.

நான் கேட்பது வேறு கணக்கு. ஒரு பேச்சுக்கு, 200 அறை ஓட்டல், 150 வீடு என்று வைத்துக்கொள்வோம். நாலு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டலுக்கு ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 320 லிட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. நம்மைப்போல வீட்டில் குளிக்கிறவர்களுக்கு 135. அறைக்கு இரண்டு பேர், வீட்டுக்கு நாலு பேர் என்று பெருக்கினால் தினம் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் லாரியில் பதினேழு பதினெட்டு நடை. நமக்குத் தேனி மாவட்டத்து லோயர் கேம்பிலிருந்து நாளைக்கு 12.5 கோடி லிட்டர் முல்லைப்பெரியாறு தண்ணீர் என்ற கணக்கில் திட்டம் போட்டு, குழாய் பதிக்கிறேன் என்று தெருத்தெருவாகத் தோண்டினார்கள். என் வீட்டு வாசலில் தோண்டின பள்ளத்தில் என் மச்சினன் பைக்கோடு விழுந்தான். அது தனிக் கதை. அந்தக் குழாயை நம்பித்தான் இருபதாவது மாடிக்கும் தண்ணீர் என்றால், கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டின கதைதான்.

இந்தப் பழமொழியை நான் ஏன் விடாமல் சொல்கிறேன் என்றால், அதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஊருக்கு வடக்கே ஒரு அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் பிளாட் வாங்கினார். மேலூர்ப் பக்கம் இருந்த ஒரு ஏக்கர் நஞ்சையை விற்று வாங்கியது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு எல்லோரும் போயிருந்தோம். பெரியம்மாவுக்கு அப்போதே எண்பது தாண்டிவிட்டது. பால்கனியில் நின்று கீழே ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் சொன்னது: "ஏன்டா, இது நடுமடைக்குக் கீழ வயலு இல்ல? நான் இங்க நாத்து நட வந்திருக்கேன்டா. அந்தா தெரியுது பாரு கரை." கரையாவது ஒன்றாவது, அங்கே ஒரு கருவேலங்காடும் ஒரு வாட்டர் சர்வீஸும்தான் இருந்தன. அண்ணனுக்குக் கோபம். "நல்ல நாளும் அதுவுமா வாயை வச்சுக்கிட்டு இரும்மா" என்றார். அதுவும் வாயை மூடிக்கொண்டது, ஆனால் பாயசத்தைத் தொடவில்லை.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில் மழை. ராத்திரி பத்து மணிக்குப் பிடித்தது, விடிய விடிய ஊற்றியது. காலையில் பார்த்தால் அடித்தள பார்க்கிங்கில் ஆளுயரத் தண்ணீர். கரண்ட் பெட்டி எல்லாம் அங்கேதான் வைத்திருந்தார்கள். கரண்ட் போச்சு, லிஃப்ட் போச்சு, மோட்டார் போச்சு. அண்ணனின் புது ஸ்கூட்டர் இருக்கிற இடமே தெரியவில்லை. கட்டிக் கொடுத்தவருக்குப் போன் அடித்தால் "அது வடிகால் பிரச்சினைங்க, எங்களோடது இல்லை" என்று வைத்துவிட்டார். அன்றைக்கென்று பேரன் பிள்ளைக்குக் காதுகுத்து, மதியம் ஒரு மணிக்குக் கிடாவெட்டு, பெரியம்மா இல்லாமல் எதுவும் நடக்காது. ஆறு மாடி எப்படி இறக்குவது?

நாங்கள் நாலு பேர். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அதை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கம்பைக் கொடுத்து, அதனுடைய பழைய சுங்குடிச் சேலையாலேயே கட்டித் தூக்கினோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்து பார்த்த ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், சத்தியமாகச் சொல்கிறேன். நாலாவது மாடியில் எவனோ ஒரு பையன் "கோவிந்தா!" என்று கத்தினான். அவ்வளவுதான், மாடிக்கு மாடி கோவிந்தா. மூன்றாவது மாடியில் ஒரு குட்டிப்பயல் பொம்மைத் துப்பாக்கியில் தண்ணீர் பீய்ச்சுகிறான், சித்திரைத் திருவிழாவில் தோப்பரை என்கிற தோல்பையில் பீய்ச்சுவார்களே, அதே மாதிரி. பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னது: "அழகரு ஆத்துல இறங்குறதே வருஷத்துக்கு ஒருக்காதான்டா. நீங்க மழை பேஞ்சா பேஞ்சா என்னைய இறக்குவீங்க போலயே!" சிரித்த சிரிப்பில் எனக்குப் பிடி நழுவியது, நல்லவேளை அண்ணன் தாங்கிக்கொண்டார்.

கீழே வந்தால் வாசலில் முழங்கால் தண்ணீர். நாற்காலியைக் கீழே வைக்கச் சொன்னது. காலைத் தொங்கப்போட்டு, பாதத்தைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "நம்ம கம்மாத் தண்ணிதான்டா, நிறத்தைப் பாரு" என்றது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நஞ்சையை விற்றுத்தானே இந்த நஞ்சைக்கு வந்து சேர்ந்தார்.

(இந்த இடத்தில் பொறியாளர் ஐயா குறுக்கே ஒன்று சொன்னார்: தண்ணீர் வந்த வழியைத்தான் தேடி வந்தது, மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தப் பக்கம்தான் ஓடவேண்டும், கால்வாயைக் காணோம் என்றால் அது கார் பார்க்கிங்கில்தான் ஓடும். மைக்கில் விழவில்லை, அதனால் எழுதுகிறேன்.)

தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், மாடக்குளம் என்று குளத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு குடியிருக்கிற ஊர் இது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, அது வானத்தின் குற்றமா? செல்லூர்க் கண்மாய் நிறைந்தால் பந்தல்குடிக் கால்வாய் வழியாக வைகைக்குப் போகவேண்டும், போக வழி இருந்தால் அது ஏன் வீட்டுக்குள் வருகிறது?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம், 16 ஏக்கர், வருஷக்கணக்கில் வறண்டு கிடந்தது. நடுவிலே மைய மண்டபம், சுற்றிலும் கிரிக்கெட். என் மகன் முதல் சிக்ஸர் அடித்ததே தெப்பக்குளத்துக்குள்தான். பனையூர்க் கால்வாயைச் சரிபண்ணி வைகைத் தண்ணீரைத் திருப்பினார்கள், குளம் நிறைந்தது, தை மாதத் தெப்பம் மறுபடி தண்ணீரில் மிதந்தது. செய்தது என்ன? இருந்த ஒரு கால்வாயைத் திறந்தார்கள். கூரையேறிக் கோழி பிடித்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் அந்தக் கோபுரக்காரர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டுத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும், அது சட்டம். அந்தப் பத்தில் ஒரு பங்கைச் செயற்கைப் புல்லும் யானை பொம்மையும் வைத்த பூங்காவாக முடிக்காமல், பழைய வரத்துக்கால்வாய் இருந்த தடத்திலேயே விடச் சொல்லுங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில் என்ன நிபந்தனை போட்டார்கள் என்பதை நாம் வாங்கிப் படிக்க வேண்டும். நம் ஊரில் வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. ஐந்து ஏக்கர் மனையில் விழுகிற மழையைச் சிந்தாமல் பிடித்தால் ஒரு கோடியே எழுபது லட்சம் லிட்டர், அவர்களுக்கே எண்பது நாளுக்கு ஓடும். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-லிருந்து எத்தனை மழை போய்விட்டது, குழாய் மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறது, குழாய்க்குக் கீழே குழி இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். என் வீட்டில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன், தை பிறந்ததும் போட்டுவிடுவேன்.

அங்கே வீடு வாங்க நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால் (கையைத் தூக்க வேண்டாம், வருமான வரிக்காரர் பின்வரிசையில் இருக்கிறார்) ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு இருக்கிறதா பாருங்கள். எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு இல்லாமல் விற்க முடியாது, உங்களிடம் வாங்குகிற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக்கணக்கில் போடவேண்டும். அத்தோடு தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை போய் எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் அ பதிவேட்டையும், எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தையும் பாருங்கள். கால்வாய் ஓடிய கோடு அதில் இருக்கும். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் விசேஷம்.

போக்குவரத்தைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன், செயலாளர் மூன்றாவது சீட்டு அனுப்பிவிட்டார். வேலைவாய்ப்பு பற்றி அடுத்த ஆண்டுவிழாவில். ஒன்று மட்டும் கவுன்சிலர் அம்மாவிடம்: நம் கண்மாயின் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கில் ஒரு பலகை வைத்தீர்கள், 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்று. இப்போது பலகை குப்பைக்குள் இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கிற வேலையிலிருந்தே ஆரம்பிப்போம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, கலுங்குக்கிட்ட. மண்வெட்டி இருக்கிறவர்கள் மண்வெட்டி, இல்லாதவர்கள் கூடை. ஐயா கால்வாய்த் தடத்தைக் காட்டித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். டீயும் வடையும் அண்ணாச்சி பொறுப்பு, இப்போதுதான் அவரிடமே சொல்கிறேன். மழைக்கோட்டு கொண்டுவந்தால் நல்லது.