எந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகம்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் கேக்குதா? சரி, ஆரம்பிச்சிடலாம்.

லைப்ரரில முக்கால்வாசிப் பேர் திரும்பிக்கூட பாக்காம தாண்டிப் போற இடம் ரெஃபரன்ஸ் செக்ஷன்தான். தடி தடியா புத்தகம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் விடமாட்டாங்க. உக்காந்து படிக்கலாம்னு பாத்தா ரெண்டு பக்கத்துல தூக்கம் வந்துடும். வரத்தான் செய்யும், ஏன்னா அதெல்லாம் மொத பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் வரைக்கும் படிக்கறதுக்காக எழுதினதே இல்ல. ஒரு கேள்வியோட போகணும், பதில எடுக்கணும், இருந்த இடத்துலயே வச்சிட்டு வந்துடணும்.

ஆனா வர்றவங்க கேள்விய வெளிய சொல்லவே மாட்டாங்க, நேரா புத்தகத்ததான் கேப்பாங்க. "சார், ரஷ்யா பத்தி புக் இருக்கா?"ம்பாங்க. நாம அலமாரியக் காட்டுவோம், அவரும் நாலு புத்தகத்தப் புரட்டிட்டு முழிச்சிட்டு நிப்பாரு. கொஞ்சம் பேச்சுக் குடுத்தாதான் விஷயம் வெளிய வரும், கைல ஒரு பழைய லெட்டர் இருக்கும், அதுல லெனின்கிராட்னு போட்டிருக்கும், மேப்ல தேடினா அப்படி ஒரு ஊரே இல்ல. இப்ப இவருக்கு ரஷ்ய வரலாறா வேணும்? இல்லையே, ஒரு ஊர் இப்ப எந்தப் பேர்ல இருக்குன்னு தெரியணும், அவ்வளவுதான். அதுக்குன்னே கெசட்டியர்னு ஒரு வகை இருக்கு. ஊர், ஆறு, மலைன்னு பேரெல்லாம் அகர வரிசைல போட்டு, எந்த நாடு, அட்சரேகை என்ன, தீர்க்கரேகை என்ன, பேர் மாறியிருந்தா புதுப் பேர் என்னன்னு சொல்லிடும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914ல பெட்ரோகிராட் ஆச்சு, 1924ல லெனின்கிராட் ஆச்சு, 1991ல திரும்ப பழைய பேருக்கே வந்துடுச்சு. அவர் லெட்டர்ல தேதி கிழிஞ்சு போயிருந்தாலும் 1924க்கு முன்னாடி எழுதினது இல்லன்னு இதுலயே தெரிஞ்சு போச்சு பாருங்க. இன்னொண்ணு, பழைய அட்லஸ்ஸ எடைக்குப் போட்டுடாதீங்க. 1950ல நடந்தத தேடறவருக்கு 1950 அட்லஸ்தான் சரியான அட்லஸ்.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், அலமாரி முன்னாடி போய் நிக்கறதுக்கு முன்னாடி நம்ம கேள்வி எந்த ஜாதின்னு முடிவு பண்ணிக்கணும். இது ஏதோ நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. வீரமாமுனிவர் 1732ல சதுரகராதின்னு ஒண்ணு பண்ணாரே, அதையே நாலா பிரிச்சுதான் வச்சாரு. சொல் தெரியும் அர்த்தம் தெரியலன்னா பெயர் அகராதி. பொருள் தெரியும், அதுக்கு வேற என்னென்ன பேர் இருக்குன்னு வேணும்னா பொருள் அகராதி. முக்கனி எது எது, நவமணி எது எதுன்னு எண்ணிக்கையில கேட்டா தொகை அகராதி. பாட்டு எழுத எதுகை வேணும்னா தொடை அகராதி. நாலு பாகம்னா நாலு விதமான ஆளு, நாலு விதமான தேவை. கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காரு மனுஷன்!

அகராதிலயே இன்னும் கொஞ்சம் நிக்கலாம், ஏன்னா இங்கதான் நெறைய பேர் தப்பான புத்தகத்த எடுக்கறாங்க. மெட்ராஸ் யுனிவர்சிட்டி போட்ட தமிழ் லெக்சிகன் 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, ஒரு சொல் எந்தப் பழைய நூல்ல வருதுன்னு இடம் சுட்டிக் காட்டும். ஒரு செய்யுள்ல வர்ற சொல்லுக்கு அங்க போகணும். ஆனா இன்னிக்கு பேப்பர்ல வர்ற சொல்ல எப்படிப் புழங்கறாங்க, எந்த வாக்கியத்துல வரும்னு வேணும்னா 1992ல வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் அதுக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது பெருசுன்னு சண்டை போடறது வீண். இங்கிலீஷ்லயும் இதே கதைதான், ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட மொத பகுதி 1884ல வந்து முழுசா முடிய 1928 ஆயிடுச்சு. ஒரு சொல் எப்பேர்ந்து எழுத்துல இருக்கு, அர்த்தம் எப்படி மாறிச்சுன்னு மேற்கோளோட காட்டத்தான் அத்தன வருஷம். ஸ்பெல்லிங் பாக்க அதப் போய் தூக்காதீங்க, கைதான் வலிக்கும்.

அடுத்து கலைக்களஞ்சியம். ஒரு விஷயத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாதப்ப மொதல்ல போக வேண்டிய இடம் இது, ஆனா அங்கயே தங்கிடக் கூடாது. கட்டுரைய படிச்சு அடிப்படை புடிச்சிட்டு, கடைசில குடுத்திருக்கற நூல் பட்டியலப் பாத்துட்டு அங்கேர்ந்து கிளம்பிடணும். இதுல எல்லாரும் விடற ஒண்ணு இண்டெக்ஸ் தொகுதி. "ம" தொகுதிய எடுத்து மலேரியாவ தேடுவாங்க, ரெண்டு பாரா இருக்கும், இவ்வளவுதானான்னு வச்சிடுவாங்க. கொசு, குயினைன், ரத்தம்னு வேற தலைப்புகளுக்குள்ளயும் மலேரியா வரும், அத இண்டெக்ஸ் மட்டும்தான் காட்டிக் குடுக்கும். பிரிட்டானிகாவே இதுல அடி வாங்கியிருக்கு. 1974ல 15வது பதிப்ப சின்னக் கட்டுரைகள் ஒரு பக்கம், நீளக் கட்டுரைகள் ஒரு பக்கம்னு பிரிச்சு ரொம்ப புத்திசாலித்தனமா போட்டாங்க, ஆனா தனி இண்டெக்ஸ் வைக்கல. வாசகர்களும் லைப்ரரிக்காரங்களும் விடாம கேட்டு, 1985ல ரெண்டு தொகுதி இண்டெக்ஸ் சேத்தாங்க. அப்புறம் பதிப்பு வருஷத்தையும் பாத்துக்கோங்க, புளூட்டோவ கண்டுபிடிச்ச 1930க்கு அப்புறம், 2006க்கு முன்னாடி அச்சானதுல புளூட்டோ கோளாத்தான் இருக்கும்.

ஆள்களப் பத்தின புத்தகம்னா, எழுதினது யாருன்னு மொதல்ல கேளுங்க. பிரிட்டன்ல வர்ற ஹூஸ் ஹூ மாதிரி புத்தகத்துல உயிரோட இருக்கறவங்க விவரத்த அவங்கவங்களே ஃபார்ம்ல நிரப்பிக் குடுக்கறாங்க. பொறந்த தேதி, படிப்பு, பதவிக்கு நல்லா உதவும். "ஆள் எப்படி"ன்னு தெரிஞ்சுக்க அதப் பாத்தா, அவரே அவருக்குக் குடுத்த கேரக்டர் சர்டிபிகேட்தான் கிடைக்கும். தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதின்னு அங்கயே வர்றது இறந்தவங்கள மட்டும்தான் எடுத்துக்கும், வேற ஒருத்தர் ஆராய்ஞ்சு எழுதுவாரு, தோத்ததும் வரும், வம்பும் வரும்.

எண்ணிக்கை, புள்ளிவிவரம்னா இயர்புக். இங்க ஒரே ஒரு எச்சரிக்கை, அட்டைல இருக்கற வருஷம் வேற, உள்ள இருக்கற கணக்கோட வருஷம் வேற. அச்சாகறதுக்கு முன்னாடியே சேத்த கணக்கு அது. அட்டவணைக்குக் கீழ பொடி எழுத்துல எந்த வருஷம், யார் எடுத்ததுன்னு போட்டிருப்பான், அதப் படிக்காம ஒரு எண்ணைக் கூட எழுதிக்காதீங்க.

ஒரு திரவத்தோட கொதிநிலை, ஒரு சூத்திரம் இந்த மாதிரி பட்டுனு வேணும்னா ஹேண்ட்புக். விலாசம், நிறுவனம்னா டைரக்டரி, அது சீக்கிரம் பழசாயிடும், அதனால புது பதிப்பு மட்டும். பிப்ளியோகிராஃபி, அதாவது ஒரு விஷயத்தப் பத்தின நூல்களோட பட்டியல், அதுவும் பத்திரிகைக் கட்டுரை இண்டெக்ஸும் பதில் சொல்லாது, பதில் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும். ஆராய்ச்சி பண்றவங்க இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் சண்டையே போடுவேன், ஆனா மாணவர்கள் கடைசிலதான் வர்றாங்க, பாதி தீசிஸ் முடிஞ்சப்புறம்.

எல்லாம்தான் நெட்ல இருக்கேன்னு நீங்க நினைக்கறது எனக்குத் தெரியுது. இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்க்ரீன்ல அகராதி, இயர்புக், விளம்பரம் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், எது எந்த வகைன்னு அட்டையப் பாத்து சொல்ல முடியாது. அப்ப நாமதான் கேக்கணும், யார் எழுதினது, எந்த வருஷம், எங்கேர்ந்து எடுத்தது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931ல லைப்ரரிகளுக்குச் சொன்ன அஞ்சு விதில நாலாவது, வாசகர் நேரத்த மிச்சம் பண்ணுங்கறது. அது எங்களுக்கான விதி, அதனால கூச்சப்படாம டெஸ்க்ல வந்து கேளுங்க, "அது பத்தி புக் இருக்கா"ன்னு இல்ல, எதுக்காக வேணும்னு சேத்து சொல்லுங்க. எழுதிக்கும்போது புத்தகப் பேரோட பதிப்பு, தொகுதி, பக்கம் மூணையும் குறிச்சுக்கோங்க.

கேள்வி இருந்தா கேக்கலாம். மூணாவது வரிசைல கை தூக்கியிருக்காங்க, மைக்க அவங்களுக்குக் குடுங்க.