கை குலுக்க வேண்டாம், வணக்கம் போதும்

நேயர்களுக்கு வணக்கம். இதைச் சும்மா சொல்லவில்லை. இன்று வானொலி நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒருவர் அன்பாகக் கை நீட்டினார். நான் கும்பிட்டேன். மனுஷர் கொஞ்சம் முழித்தார். அழுத்திக் குலுக்கினால் என் உள்ளங்கைத் தோல் அவர் கையோடு போய்விடுமே, என்ன செய்வது?

என் நோயின் பெயர் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. சுருக்கமாக ஈ.பி. தோலின் மேலடுக்கையும் கீழடுக்கையும் தையல் போட்டாற்போலப் பிடித்து வைத்திருக்கும் புரதம் ஒன்று உண்டு, ஏழாம் வகைக் கொலாஜன். என் உடம்பில் அது சரியாக உருவாவதில்லை. சட்டைத் தையல் உரசினால் கொப்புளம். காய்ந்த ரொட்டியை விழுங்கினால் தொண்டைக்குள்ளும் கொப்புளம். அப்பா அம்மா தோலில் ஒரு குறையும் கிடையாது. ஆளுக்கொரு பழுதான மரபணு வைத்திருந்தார்கள், இரண்டும் எனக்கே வந்து சேர்ந்தன. யாருக்கும் தொற்றாது. மினிபஸ் டாக்ஸியில் என் பக்கத்திலிருந்து எழுந்து போனவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

நான் பிறந்தபோது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, இதை அம்மை என்றே முடிவு கட்டிவிட்டார். மாரியம்மா வந்திருக்கா என்று தொட்டிலில் வேப்பிலை பரப்பினார். பாவம், காம்பு பட்ட இடமெல்லாம் புதுக் கொப்புளம். அப்புறம் மருத்துவர் விளக்கிச் சொன்னதும் அவரே ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஈ.பி. கொப்புளத்தை விட்டுவைத்தால் பரவிக்கொண்டே போகும். சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடிக்க வேண்டும், மேல்தோலைப் பிய்க்கக் கூடாது. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, முருகா முருகா என்று முணுமுணுத்தபடி குத்துவார். என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

உனக்கு எப்படி இவ்வளவு தைரியம் என்று கேட்கிறார்கள். தைரியமெல்லாம் குளியலறைக் கதவுக்கு முன்னால்தான் தெரியும். ஒட்டிக்கொண்ட கட்டுகளை ஊறவைத்துப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். வெறும் தண்ணீர் தீயாய் எரியும். லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டால் எரிச்சல் குறையும். நம் ரத்தத்துக்கு ஏறக்குறைய ஒத்த அளவு அது. புண்ணுக்கு உப்பு என்றால் யார் நம்புவார்கள்! டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் சில நாள் முருகனைத் திட்டியே இருக்கிறேன். திட்டிவிட்டுத் தொட்டிக்குள் இறங்குவேன்.

காவடி எடு, சரியாகிவிடும் என்பவர்கள் உண்டு. அலகு குத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், எனக்கு ஊசி தினமும் இருக்கிறது. தைப்பூசத்துக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் கொண்டுபோவேன், அவ்வளவுதான். ஒரு வருஷம் பூசாரி பாசத்தோடு நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசினார், தோல் உரிந்துவிட்டது. என்னைவிட அவர்தான் பதறிப்போனார். மறு வருஷத்திலிருந்து எனக்கு மட்டும் மேலிருந்து தூவுகிறார். பூ மாதிரி விழும்.

2023இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கான ஒரு ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. வாரம் ஒருமுறை புண்ணில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நல்ல மரபணுவைத் தோலுக்குள் சுமந்துபோவது எது தெரியுமா? உதட்டில் கொப்புளம் போடுமே, அந்த ஹெர்பிஸ் வைரஸ்தான். பெருக முடியாதபடி மாற்றியிருக்கிறார்கள். ஆயா இருந்திருந்தால், போட்டவளே இறக்குகிறாள் என்றிருப்பார். விலை நமக்கு எட்டாத உயரம்.

அது எட்டும்வரை உப்புத் தண்ணீர்தான். இன்றைக்குக் குளியல் நாள். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது, போகிற வழியில் வாங்க வேண்டும். வணக்கம்.